மொட்டை மாடியில் புல்லா, பின்பக்கக் குட்டையா? கையில் மூன்றேகால் லட்சம் இருக்கிறது

சங்கச் செயலாளர்:

வணக்கம். சென்னை மேடவாக்கம் பக்கம் 16 வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. கீழே பார்க்கிங், மேலே நான்கு மாடி. கட்டி 17 வருடம் ஆகிறது. இந்த வருடம் செயலாளர் வேலை சீட்டுக் குலுக்கலில் என் தலையில் விழுந்தது. பெயின்ட் அடிக்கச் சேர்த்த பணத்தில் மூன்றேகால் லட்சம் மீதி. மீதியா என்று வாயைப் பிளக்காதீர்கள், காம்பவுண்டுச் சுவரை அடிக்காமலே விட்டுவிட்டோம்.

இப்போது சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நான்காவது மாடிக்காரர்களுக்கு வெயில் பிரச்சினை. சொல்வதில் தப்பில்லை, மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு அவர்கள் வீட்டு ஃபேனைப் போட்டால் அடுப்பு ஊதுகிற மாதிரிதான் காற்று வரும். அவர்களில் ஒருவருடைய மகன் ஜெர்மனியில் இருக்கிறார். அங்கே பஸ் நிறுத்தத்துக் கூரையில்கூடப் புல் வளர்க்கிறார்களாம், போட்டோ அனுப்பியிருக்கிறார். அதே மாதிரி நம் மொட்டை மாடி 3,000 சதுர அடியிலும் நாலு அங்குலம் மண் கொட்டிப் புல் போடலாம் என்கிறார்கள். ஒரு கம்பெனிக்காரர் வந்து அளந்துவிட்டும் போய்விட்டார். வெப்பம் குறையும், மழை வெள்ளம் குறையும், பறவை வரும், கரண்ட் பில் பாதியாகும் என்று ஒரே மூச்சில் சொன்னார். எடை எவ்வளவு என்று கேட்டேன். "லைட் வெயிட்தான் சார்" என்றார்.

முதல் மாடிக்காரர்களுக்கும் எங்களுக்கும் (நான் இரண்டாவது மாடி) பின்பக்கக் குட்டை மேல் கண். காம்பவுண்டுக்கு வெளியே 12 சென்ட் இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் எருமை குளிப்பாட்டிய இடம் என்கிறார்கள். இன்றைக்கு ஆகாயத்தாமரை, தெர்மாகோல், போன வருடப் பிள்ளையாரின் மரப்பலகை. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். குட்டையைச் சரி பண்ணினால் தண்ணீர் அங்கே போகும், போர்வெல்லும் ஊறும் என்பது எங்கள் கணக்கு. எதிர்க்கட்சி சொல்வது: கொசு, பாம்பு, குழந்தை விழுந்தால் யார் பொறுப்பு. ஒரு மாமா இன்னும் ஒரு படி மேலே போய், குட்டையை மூடினால் எல்லாம் தீர்ந்தது என்கிறார்.

எது உண்மையில் பிரயோஜனம்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. படித்ததை அனுப்ப எங்கள் வாட்ஸாப் குழுவிலேயே ஆள் இருக்கிறார்கள்.

மாடித்தக்காளி:

மடிப்பாக்கத்தில் ஒன்பது வருடமாக மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்த கிட்டில் ஆரம்பித்தது, இப்போது 70 பை. அதனால் மாடிப் பசுமைக்கு நான் எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் புல் வேண்டாம் சார். புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். 2019 கோடை ஞாபகம் இருக்கும். சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் லாரிக்கு 20 நாள் காத்திருந்தோம். அந்த மே மாதம் நான் 50 செடியைக் காய விட்டேன். கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் மட்டும் அரிசி களைந்த தண்ணீர். அன்றைக்கு 3,000 சதுர அடிப் புல் இருந்திருந்தால் உங்கள் வீட்டுப் பெண்கள் உங்களை மாடியிலிருந்து தள்ளிவிட்டிருப்பார்கள். ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரை ஊற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். நானும் ஊற்றினேன். உப்பு ஏறி நுனி நுனியாகக் கருகியது.

வெயிலுக்கு என் வழி பந்தல். ஜிஐ குழாயில் ஏழடிப் பந்தல் போட்டுப் பாகலும் புடலையும் ஏற்றியிருக்கிறேன். பந்தலுக்குக் கீழே தட்டோட்டில் வெறுங்காலோடு மதியம் நிற்கலாம். ஒரு அடி தள்ளி வெயிலில் நிற்க முடியாது. மண் ஸ்லாப்பைத் தொடாமலே நிழல் கிடைத்துவிடுகிறது. அந்த நிழலுக்குக் கீழே உள்ள படுக்கையறையில்தான் என் மாமியார் மதியம் தூங்குவார். மற்ற அறைகளுக்கு அவர் வருவதில்லை.

பறவை, பூச்சி வரும் என்பது பொய்யில்லை. துளசி பூக்கும்போது நீலக்கோடு போட்ட ஒரு தேனீ வரும், வயிற்றில் ஜரிகை ஒட்டிய மாதிரி. அது தக்காளிப் பூவைக் கட்டிக்கொண்டு ‘ஜ்ஜ்’ என்று அதிரும். அப்படி அதிர்ந்தால்தான் தக்காளியும் கத்தரியும் மகரந்தத்தை நன்றாக உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வெறும் புல்தரைக்கு இதெல்லாம் எதற்கு வரும்?

கெட்டதையும் சொல்ல வேண்டும். காக்கை எச்சத்தில் வரும் அரசங்கன்று. கைப்பிடிச் சுவர் மூலையில் இரண்டு இலை விட்டதை அழகாக இருக்கிறதே என்று விட்டேன். அடுத்த மழைக்குக் கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம். பிடுங்க வந்தவர் அரை நாள் கொத்தினார். பைகளுக்கு அடியில் தட்டு வைத்தால் டெங்கு கொசு. இது அனுபவம், என் சின்னவன் ஒரு வாரம் படுத்தான். அதோடு எல்லாத் தட்டையும் எடுத்துவிட்டேன்.

பழைய ஓவர்சீயர்:

தம்பி, உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கூட்டிப் பார்ப்போம்.

3,000 சதுர அடி என்பது 279 சதுர மீட்டர். நாலு அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் ஈர மண் சதுர மீட்டருக்கு 170 கிலோவாவது வரும். மொத்தம் 47 டன். பன்னிரண்டு யானைகளை மாடியில் கட்டிவைத்த மாதிரி. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐஎஸ் 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை) சொல்லும் பளு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. அதுவும் ஆளுக்கும் சாமானுக்கும், நிரந்தரமாக உட்காரும் மண்ணுக்கு அல்ல. அதற்கடியில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு என்று ஏற்கெனவே ஒரு சுமை இருக்கிறது. கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலந்தால் எடை குறையும், ஆனால் கோகோபீட் மக்கி இறங்கும், இரண்டு மூன்று வருடத்தில் திரும்பக் கொட்ட வேண்டும். 17 வருடக் கட்டடத்தில், ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் கையெழுத்து இல்லாமல் ஒரு சட்டி மண்கூட ஏற்றாதீர்கள். "லைட் வெயிட்தான் சார்" என்றவரை அதையே லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள், வர மாட்டார்.

ஜெர்மனிக் கூரையும் இதுவும் ஒன்றல்ல. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் புதிதாகக் கட்டும் தட்டைக் கூரைக்கெல்லாம் பச்சை போட வேண்டும் என்று 2002-லிருந்து சட்டமே இருக்கிறது. வரைபடம் போடும்போதே அந்தப் பளுவைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். மழையும் அங்கே வருடம் முழுக்கப் பிரித்துப் பெய்யும். நமக்கு வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்து அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. 10 சென்டிமீட்டர் மண் காய்ந்து கிடந்தால் 30 மில்லிமீட்டர் மழையைக் குடிக்கும். உங்கள் மாடிக்கு அது எட்டாயிரம் லிட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் மாடியில் விழுவது 28 ஆயிரம் லிட்டர். சரி, முதல் நாள் முக்கால் பங்கு வழிகிறது. மறுநாளும் மழை. மண் ஏற்கெனவே நனைந்திருக்கிறது. விழுந்தது அத்தனையும் வழியும். ஐப்பசி அடைமழைக்கு இது என்ன செய்யும்?

கோடைக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட் கரண்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். புல் குளிர்விக்கும் ரகசியம் பெரும்பாலும் அதுதான். தண்ணீர் ஊற்றாத புல் காய்ந்த மண். சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும் தினம் 1,400 லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் லாரி எட்டு நாளைக்கு வரும். அந்தப் பணத்துக்கு வருடா வருடம் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்துவிடலாம். பார்க்க அழகாக இருக்காது, தேனீ வராது, ஆனால் நான்காவது மாடிக்காரர் தூங்குவார். மேடம் சொன்ன பந்தலும் சரியான யோசனை. கால்களை ஸ்லாப் நடுவில் ஊன்றாமல் பீம், தூண் வரும் கோட்டில் ஊன்றுங்கள். தட்டோட்டில் துளை போட்டு போல்ட் அடிக்காதீர்கள்.

குட்டைக்கு ஒன்று. தாலுகா ஆபீஸில் அ-பதிவேட்டை, அதாவது எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் பதிவேட்டைப் பாருங்கள். அதில் குட்டை என்று வகைப்படுத்தியிருந்தால் அந்த மாமா சொன்னதைச் சங்கத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவே எழுதாதீர்கள். நீர்நிலையை மூடப்போய்க் கோர்ட் வாசலில் நிற்க வேண்டி வரும்.

தட்டான்பூச்சி:

செயலாளர் சார், நான் வாரக் கடைசியில் தட்டான் எண்ணுகிற ஆள். என் வீட்டு எதிரே ஒரு குட்டை ‘புனரமைக்கப்பட்டது’. அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

முன்பு அது சரிவான மண் கரை. ஓரத்தில் கோரை, கொஞ்சம் சம்பு, எருமைக் குளம்புக் குழிகள். வெண்மார்புக் கானாங்கோழி குஞ்சுகளோடு சாலையைக் கடக்கும், ஆட்டோக்காரர்கூட நிறுத்துவார். பிறகு ஜேசிபி வந்தது. பத்தடி செங்குத்தாகத் தோண்டி, சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பி, நடைபாதை போட்டு, வெள்ளை எல்இடி விளக்கு நட்டார்கள். திறப்பு விழா நன்றாகத்தான் நடந்தது, கேசரி கொடுத்தார்கள்.

முதல் பெரிய மழைக்கு மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். தேரைகள் சுவரை ஒட்டி நீந்திக்கொண்டே இருந்தன. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கரையேற இடம் இல்லை. முன்னங்காலைச் சுவரில் வைக்கும், வழுக்கும், மறுபடி நீந்தும். சிலது ஏற்கெனவே மல்லாந்து மிதந்தது. விழுந்த தென்னை மட்டை ஒன்றை இழுத்துவந்து சுவர்மேல் சாய்த்துத் தண்ணீருக்குள் இறக்கினேன். பத்து நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒன்று ஏறியது. அப்புறம் வரிசையாக. வேலைக்கு அன்றைக்கு லேட்.

அதனால் என் முதல் வேண்டுகோள்: சுவர் கட்டாதீர்கள். ஒரு அடி இறங்க நாலைந்து அடி நடக்கிற மாதிரிச் சரிவு விடுங்கள். குழந்தை விழும் பயத்துக்கும் அதுதான் மருந்து. கணுக்கால், முழங்கால் என்று ஆழம் மெதுவாகக் கூடும், தப்பி வந்துவிடலாம். செங்குத்துச் சுவரில் விழுந்தால் பெரியவரும் ஏற முடியாது. ஓரத்தில் முட்டளவு வேலியும் கோரையும் போதும்.

அடுத்தது, தூர் வாருகிறேன் என்று அடிக்களிமண்ணைப் பெயர்த்துவிடாதீர்கள். எங்கள் குட்டையில் அதுதான் நடந்தது. களிமண் போய்க் கீழே மணல் தட்டியது. ஜனவரியிலேயே வறண்டுவிட்டது. இதில் ஒரு இழுபறி இருக்கிறது, ஓவர்சீயர் சாருக்குத் தெரியும். களிமண் இருந்தால் தண்ணீர் நிற்கும், போருக்கு அவ்வளவாக இறங்காது. மணலாக இருந்தால் போர் ஊறும், குட்டை காயும். நான் அடியை விட்டுவிட்டு, கலங்கல் (நிரம்பிய தண்ணீர் வழிகிற இடம்) மட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் உறைகிணறு போடச் சொல்வேன். நிரம்பி வழிவது மட்டும் அதில் இறங்கட்டும். சாக்கடை கலக்காத தண்ணீர் என்று உறுதியான பிறகுதான் அதுவும். இல்லாவிட்டால் சாக்கடையை நாமே போருக்குள் ஊற்றிய மாதிரி.

ஏப்ரல், மே மாதம் வற்றினால் பதறாதீர்கள். கோடையில் தினம் அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகிவிடும். வற்றுவது குட்டைக்கு நோய் இல்லை. வற்றினால் மீன் தங்காது. மீன் இல்லாத தண்ணீரில் தலைப்பிரட்டை அதிகம் பிழைக்கும். கொசுவைத் தின்னட்டும் என்று ஜிலேபிக் கெண்டையை விட்டுவிடாதீர்கள். ஆப்பிரிக்க மீன் அது, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தவளை முட்டை, சின்ன மீன், பாசி என்று எதையும் விடாது.

கொசு. எல்லாக் கொசுவும் ஒன்றல்ல சார். டெங்கு கொசு மாடித்தக்காளி அக்கா சொன்ன தட்டு, டயர், தொட்டி மாதிரி சின்னப் பாத்திரத் தண்ணீரைத் தேடும். முட்டை விளிம்பில் ஒட்டிக் காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குப் பொரியும். ராத்திரி காதில் பாடுகிற கியூலெக்ஸுக்குச் சாக்கடைதான் சொர்க்கம். சுத்தமான, திறந்த, வெயில் படுகிற குட்டையில் தண்ணீருக்குள் வளரும் தட்டான் குஞ்சும் முதுகுநீச்சல் பூச்சியும் கொசுப்புழுவை விட்டுவைப்பதில்லை. ஆகாயத்தாமரை மூடி, சாக்கடை இறங்கி, தண்ணீர் கறுத்த குட்டையில் அவை உயிரோடு இருக்காது, கொசுவுக்குக் கொண்டாட்டம். அடியில் அழுகுவதிலிருந்து மீத்தேன் கொப்புளம் வேறு. அந்த நிலையில் உள்ள குட்டையை ‘பசுமை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் மாமாவின் கோபம் நியாயம், மருந்துதான் தப்பு.

எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மதுரையில் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம் வருடக்கணக்கில் கிரிக்கெட் மைதானமாகக் கிடந்தது. குளத்தில் ஒரு கோளாறும் இல்லை, வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயில்தான் கோளாறு. உங்கள் குட்டைக்கு எது வரத்து? 12 சென்ட், சரிவுக் கரை, நடுவில் ஐந்தடி என்றால் நாலு லட்சம் லிட்டர் நிற்கும். உங்கள் மாடியில் ஒரு வருடத்தில் விழும் மழையும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஓவர்சீயர் சாரின் கணக்கில் போட்டுப் பாருங்கள், 3.9 லட்சம் வரும். மாடியைப் பெருக்கி வைத்துக்கொண்டு, மழைநீர்த் தொட்டி நிரம்பி வழிவதை ஆறங்குலக் குழாயில் குட்டைக்கு விடுங்கள். மாடிக்காரர்களும் குட்டைக்காரர்களும் அப்படியாவது ஒரு விஷயத்தில் சேரட்டும்.

இரண்டு ஜாக்கிரதை. மிக்ஜாம் மாதிரி மழைக்கு இது எதுவும் உதவாது. இந்தப் பக்கத்துத் தண்ணீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணை சதுப்பே நிரம்பி நின்றால் உங்கள் தண்ணீர் எங்கே போகும்? சாதாரண நவம்பர் மழைக்கு பார்க்கிங் தப்பும், அவ்வளவுதான். இன்னொன்று, விளக்கு போட்டே ஆக வேண்டும் என்றால் தண்ணீர்மேல் விழாமல் நடைபாதையை மட்டும் பார்க்கும் மஞ்சள் விளக்காகப் போடுங்கள். எங்கள் குட்டையில் விளக்கு வந்த பிறகு ராத்திரித் தவளைச் சத்தம் குறைந்தது. விளக்கினாலா சுவரினாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, என் சந்தேகம் இரண்டின் மீதும்.

பழைய ஓவர்சீயர்:

உறைகிணறு விஷயத்தில் தட்டான்பூச்சியோடு ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. வழிகிற தண்ணீர் வண்டலோடு வரும். கிணற்றுக்கு முன்னால் மூன்றடிக்கு மூன்றடி வண்டல் தொட்டி கட்டி, வருடம் ஒரு முறை அள்ளுங்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்தில் போட்ட எத்தனையோ குழிகள் இன்று சேறு அடைத்துக் கிடக்கின்றன. கட்டினவர்கள் உண்டு, அள்ளினவர்கள் இல்லை.

சங்கச் செயலாளர்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். 47 டன் என்று சொன்னதும் நான்காவது மாடியே அமைதியாகிவிட்டது. யானைக் கணக்கைச் சொன்னதும் ஒரு பையன் யானை எப்படி லிஃப்டில் வரும் என்று கேட்டான்.

மாடிக்கு வெள்ளைப் பெயின்ட், தெற்கு ஓரத்தில் மட்டும் பந்தல். பீம் கோட்டைக் காட்டித்தர என்ஜினியர் ஒருவர் வருகிறார். அ-பதிவேட்டில் ‘குட்டை’ என்றே இருக்கிறது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், ஆனால் பந்தலுக்குப் புடலை விதை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அரசு நிலத்தில் எங்கள் காசைப் போட அனுமதி வேண்டும் என்பதால் எழுதிக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். அதுவரை ஆகாயத்தாமரையை மட்டும் எடுக்கலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள்.

எடுத்தபோதுதான் தெரிந்தது, குட்டையின் வடக்கு மூலையில் ஒரு பழைய சிமென்ட் குழாய். மழை இல்லாத நாளிலும் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வருகிறது, நாற்றத்தோடு. பக்கத்து அடுக்ககமா, எதிர்த் தெருவா, எங்களுடையதேவா என்று புரியவில்லை. எங்களுடையதாக இருந்துவிடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் சொட்டு நீலம் ஊற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். சரிப்படுமா?

பழைய ஓவர்சீயர்:

கறுத்த தண்ணீரில் நீலம் தெரியாது. கேசரிப் பவுடர் வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிளம்பிங் லைன் மட்டும், நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு ஊற்றுங்கள். குழாய்ப் பக்கம் போனும் கையுமாக ஓர் ஆளை உட்கார வையுங்கள். உங்கள் கட்டடத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.

மாடித்தக்காளி:

எலுமிச்சை மஞ்சள் கலர் வாங்கிவிடாதீர்கள் சார், அதுவும் தெரியாது. ஆரஞ்சு.